விழுவதற்கு ஒரு மெத்தை

அவள் பஸ் கண்டக்டராக இருந்தவள். குலுங்கும் பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கொடுத்தவளுக்கு இப்போது வீட்டுத் தரையில் நிற்க முடியவில்லை. மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற நோய். கண் கீழே பார்க்காது. நின்றால் வெட்டிய மரம்போலப் பின்பக்கம் சாய்ந்துவிடுவாள்.

"ரொம்ப அபூர்வமான வியாதி" என்றார் டாக்டர்.

"நான் அபூர்வம்னு... கல்யாணத்தப்பவே சொன்னேன். இவர்தான்... நம்பல" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். மேசைமேல் பலகை அடித்து, சாப்பாட்டுத் தட்டை அவள் கண்ணுக்கு நேரே உயர்த்தினான். சுவரெல்லாம் கைப்பிடி வைத்தான். அப்படியும் அவள் பின்மண்டை அடிக்கடி வீங்கியது. சரி, கட்டிலைச் சுற்றி மெத்தை போட்டுவிடலாம் என்று அவளைக் கடைக்கு அழைத்துப்போனான். கூடவே அவன் தங்கையும் வந்தாள். பள்ளித் தலைமையாசிரியை, சிரிப்பைக்கூட அளந்து சிரிப்பவள்.

கடைக்காரர் ஒரு மெத்தையை அழுத்திக் காட்டினார். தானும் அழுத்திப் பார்க்கக் குனிந்தவன், ஒரு நொடி மனைவியின் கையை விட்டான். அவ்வளவுதான்.

"ஐயோ, அண்ணி!"

தொப்பென்று பின்னாலிருந்த மெத்தையில் விழுந்தாள். ஒருமுறை எழும்பி அமிழ்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கணவன் பதறிக் குனிந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கவே இல்லைங்க! இன்னொரு... தடவை!"

தூக்கி நிறுத்தினான். விழுந்தாள். மூன்றாம் முறை அவனும் கைகோத்துக்கொண்டு கூடவே விழுந்தான்.

"அந்த ஸ்பிரிங் மெத்தை இன்னும் நல்லா தூக்கிப் போடும்மா" என்று கடைக்காரரே ஆசை காட்டினார்.

"அண்ணா, மானம் போகுது, எந்திரி!" பல்லைக் கடித்தாள் தங்கை.

"இடம் இருக்கு... உள்ள வா" என்றாள் அண்ணி, பழைய கண்டக்டர் குரலில்.

தங்கை இரண்டு பக்கமும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கடைக்காரர் கையில் கொடுத்தாள். பிரேயரில் நிற்பதுபோல விறைப்பாக நின்று, அப்படியே சாய்ந்தாள். அதற்கப்புறம் அந்தக் கடையிலேயே அதிகம் கூச்சல் போட்டுச் சிரித்தது அவள்தான். பத்து வருடத்துச் சிரிப்பு பாக்கி இருந்தது போலும்.

சாயங்காலம் மெத்தைகள் வீடு வந்தன. முதல் மெத்தையைத் தரையில் போட்டதும் தொப்பென்று சத்தம்.

"அடியே, பிளாஸ்டிக்கையாவது பிரிக்க விடுடி!" என்று கத்திக்கொண்டே அவனும் பக்கத்தில் விழுந்தான்.