ஏழு சொடுக்கு

பதினோரு வருடமாக அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் முப்பத்தாறரை டிகிரி சூட்டில் இருந்தது. மழை நாளிலும் அதே சூடுதான், காருக்குள் உட்கார முடியாத உச்சி வெயிலிலும் அதே சூடுதான். காரின் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறித்து வருபவர், எதைக் கண்டாலும் அளந்து எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சுவரில் மாட்டும் தெர்மாமீட்டரைப் பிடியோடு சேர்த்துக் கட்டிக் காலையும் மாலையும் பார்த்து, பழைய மீட்டர் நோட்டுகளின் பின்பக்கத்தில் குறித்து வந்தார். சந்தேகப்பட்டுப் பார்க்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்து, ஆமாம், யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு, நாளைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கடைசியாக அதிலிருந்து கையை எடுத்தவள் அவருடைய மகள். அவர்கள் வீடு ஏற்றமான தெருவின் உச்சியில், வழி குறுகும் இடத்தில் இருக்கிறது. மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அவர் ஒரே பாட்டைத்தான் பாடினார். நம் தெரு சரிவு, ஏழு சொடுக்கு கேட்கும்வரை ஹேண்ட் பிரேக்கை இழு. ஐந்தே போதும் என்பாள் அவள். ஏழு என்பார் இவர். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், ஜன்னலில் நின்ற அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று வீம்புக்கு நிறுத்தி நிறுத்தி ஏழு சொடுக்கும் இழுத்தாள். தலை வலிக்கிறது என்று வந்து படுத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சலோடு போய்விட்டாள். இருபத்து மூன்று வயது. அதன்பின் காரை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து சீட்டைத் துடைக்கப் போன அம்மாதான் பிடியின் சூட்டை முதலில் கண்டுபிடித்தாள். மகளுக்கு உள்ளங்கை வியர்க்கும், பிடியும் லேசாக ஈரமாக இருந்தது. அம்மா கத்தவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து அவள் காபி குடிப்பதும் ரேடியோ கேட்பதும் காரின் முன்சீட்டில்தான், ஒரு கை எப்போதும் பிடியின் மேல்.

வருடத்தில் மூன்று நாள், அதே தேதிகளில், பிடிக்குக் காய்ச்சல் வரும். முப்பத்தொன்பது, நாற்பது என்று ஏறும். இருவரும் மாறி மாறி ஈரத்துணி சுற்றுவார்கள். மூன்றாம் நாள் தானாக இறங்கிவிடும். அவளுக்கு இறங்காத காய்ச்சல் இந்த இரும்புக்கு மட்டும் எப்படி இறங்குகிறது என்று அவர் ஒரு வருடம் வாய்தவறிக் கேட்டுவிட்டார். மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பத்தாவது வருடக் கடைசியில் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை ஊரின் மறுகோடியிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். தெருவின் குறுகலை அடைத்துக்கொண்டு இவர்கள் காரே நிற்பதால் வேறு எந்த வண்டியும் வாசலுக்கு வர முடியாது. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், பின்சக்கரம் இரண்டும் அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு மாதம் அவளை நாற்காலியோடு சுமந்து தெருமுனை வரை கொண்டுபோனார். பிறகு அவருடைய முழங்கால் போயிற்று. பிரேக்கைச் சரிசெய்து காரை ஓட்டுவது ஒன்றுதான் வழி. சரிசெய்ய வேண்டுமானால் மகள் இழுத்ததைக் கீழே இறக்க வேண்டும். மனைவி முடியாது என்றாள், செத்தாலும் முடியாது என்றாள். அவர் சாப்பிடாமல் கிடந்தபின் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். வேலையை "நாளைக்கு"தான் செய்ய வேண்டும்.

நாளைக்கு என்பது ஊரிலுள்ள ஒரு மெக்கானிக்கின் பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. எப்போது கேட்டாலும் நாளைக்கு வருகிறேன் என்பதால் ஊர் இப்படி வைத்துவிட்டது. அவனை நம்பி வண்டியை விட்டவர்கள் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். மனைவியின் கணக்கு அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் போய்ச் சொன்னார். அவன் ஸ்பானரைக் கீழே வைத்து, அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். இவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். மறுநாள் விடிந்ததும் பிரேக்குக்குப் புது கேலிப்பர் இரண்டு, பேடு ஒரு செட், டயர்கள், ஜாக்கி எல்லாவற்றோடும் அவன் வாசலில் நின்றான். அந்த ஊரில் அதுவரை நடந்த எதற்கும் வியக்காதவர்கள் இதற்கு வியந்தார்கள். மனைவி அவனைக் கண்டதும் காருக்குள் போய்ப் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கே முடிச்சிடலாம்க்கா," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டே.

பின்சக்கரங்களைக் கழற்றினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் பேடு சக்கரத்து டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும், பேடை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் துருவேறி இறுகிவிடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அவன் எதிர்பார்த்து வந்ததும் அதுதான். ஆனால் வலப்பக்கப் பேடில் உராயும் பகுதியே இல்லை, இரும்புத் தகடு மட்டும் இருந்தது. இடப்பக்கத்தில் ஒரு காகிதக் கனம் மீதி. தரையில் கரிய பிரேக் தூள் கைப்பிடி அளவுக்குக் குவிந்து கிடந்தது. கிலோமீட்டர் காட்டும் எண்ணோ பதினோரு வருடத்தில் ஒன்றுகூட நகரவில்லை.

"பேடு தேயணும்னா வண்டி ஓடணும்ணே. இது நின்ன இடத்துலயே தேஞ்சிருக்கு. ஏதோ ஒண்ணு உருண்டுடாம இத்தன வருஷமும் பிடிச்சிட்டே இருந்திருக்கு."

அவர் அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்தார். மகள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியை இருவரும் ஒருமுறை பார்த்தார்கள். எப்படியும் இன்னும் சில மாதத்தில் தேய்ந்து தீர்ந்திருக்கும் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். ஆறுதலுக்குச் சொன்னது, ஆறுதல் தரவில்லை.

பிடியை இறக்கி, அதன் கேபிளைக் கழற்ற நேரம் வந்தது. அவர் கார்க் கதவைத் திறந்தார்.

"நீங்க கை வைக்காதீங்க. நானே விடறேன்," என்றாள்.

கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, தூங்கும் குழந்தையின் கையை விலக்குவதுபோல மெல்ல இறக்கினாள். இழுக்கும்போது ஏழு சத்தம் போட்டது, இறங்கும்போது ஒரு சத்தமும் போடவில்லை. தெர்மாமீட்டர் ஒன்பது நிமிடத்தில் முப்பத்தாறரையிலிருந்து இருபத்தொன்பதுக்கு வந்தது. அன்றைய வெயிலும் இருபத்தொன்பதுதான். அவர் அதையும் குறித்தார். பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க மெக்கானிக் அவரைப் பெடல் மிதிக்க டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான். மிதிங்க, பிடிங்க, விடுங்க என்று கீழிருந்து அவன் சொல்லச் சொல்ல, அவர் அழுதுகொண்டே மிதித்தார், பிடித்தார், விட்டார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. சக்கரங்கள் விரலால் தள்ளினாலே சுற்றின.

நான்கு மாதம் அந்தக் கார் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அவள் ஒரு நாள்கூடப் போக மறுக்கவில்லை. பிடியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டாக்டர்கள் முதல் மாதம் தேறுகிறாள் என்றார்கள், இரண்டாம் மாதம் பார்க்கலாம் என்றார்கள், மூன்றாம் மாதத்திலிருந்து அவரைக் கண்டால் வராந்தாவில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியாகப் போய்வந்த நாளில், வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் கையைத் தட்டிவிட்டு, நான் இழுக்கிறேன் என்றாள். இரண்டு கையாலும் இழுத்தாள். இரண்டு சொடுக்கு கேட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அவர், பழைய பழக்கத்தில்.

"போதுங்க," என்றாள்.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் போனபின் அவர் காருக்குள் போய் உட்கார்ந்து பிடியைத் தொட்டார். முப்பத்திரண்டு டிகிரி. அவள் கை கடைசி வருடம் அவ்வளவு குளிர்ந்துதான் இருந்தது. அவ்வளவு நாளும் பிடித்துக்கொண்டிருந்தவர் என்பதால் அவருக்குத் தெரியும்.

இரண்டு சொடுக்கு அந்தத் தெருவுக்குப் போதாது. வண்டி ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை கீழே இறங்குகிறது. கல் வைத்தாலும் கியரில் போட்டாலும் அதே ஒரு விரல்கடைதான். இன்னும் ஒரு சொடுக்கு இழுத்தால் நின்றுவிடும். ஆனால் அது அவர் இழுத்ததாகிவிடும், அப்புறம் அவள் இழுத்தது எங்கே இருக்கும்? தெருவின் அடியில் கால்வாய். அதுவரை பதினான்கு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டார். அவருக்கு இப்போதே எழுபது. பேடு தேய்கிற சத்தம் கேட்கிறது, ஒருமுறை பார்க்கட்டுமா என்று மெக்கானிக் மாதாமாதம் வந்து கேட்கிறான். நாளைக்குப் பார்க்கலாம் என்று இவர் சொல்லி அனுப்புகிறார்.

பகலெல்லாம் அவர் முன்சீட்டில்தான் இருக்கிறார், ஒரு கை பிடியின் மேல். வண்டி எந்த வீட்டு வாசலை எப்போது கடக்கும் என்று தேதி போட்டு எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தந்தத் தேதிக்கு முன்பே வாசல்காரர்கள் தங்கள் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஒதுக்கிவிடுகிறார்கள். போன வாரம் நான்காவது வீட்டுத் தையல்காரர் வந்து, என் வாசலுக்கு எப்போது என்று கேட்டார். அடுத்த கோடை, முதல் வாரம் என்றார் இவர். அதற்குள் பூந்தொட்டிகளை மாடிக்கு ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் கடை திறக்கப் போனார்.