பந்து இப்போது யாரிடம்

அந்தச் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட வாயடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். கால்பந்துப் போட்டி நடக்கும் சாயங்காலங்களில் கேட்கவே வேண்டாம். ஆட்டம் எப்படியோ போகட்டும், அதைப் பற்றி டி.வி.யில் பேசுகிறவர்களை ஒரு கை பார்க்காமல் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

வர்ணனையாளர்கள் எல்லோருக்கும் அங்கே பட்டப்பெயர் உண்டு. பழைய ஆட்டக்காரர் ஒருவர், பந்து கோல் வாசலில் நிற்கும்போதுகூடத் தன் முழங்கால் ஆபரேஷன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்; அவர் 'பெரியப்பா'. ஒவ்வொரு கோலுக்கும் நிலவையும் கடலையும் இழுத்து வருகிறவர் 'கவிஞர்'. இடைவேளையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, நடந்து முடிந்ததில் குற்றம் கண்டுபிடிக்கும் நால்வருக்கும் சேர்த்து 'சம்பந்தி வீட்டார்'.

எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டவர் 'அறிவிப்பு'. "இடது ஓரம். பதினொன்று. எதிரே இருவர். பின்னால் தருகிறார். நான்கு வாங்குகிறார்." ரயில் நிலையத்து ஒலிபெருக்கி மாதிரி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நடந்ததைத் திரும்பக் காட்டினால், "இது மறுகாட்சி" என்று அதையும் சொல்லித் தொலைப்பார்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவரே மாஸ்டர்தான். சட்டைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்து, இடுப்பு வலி என்று சொல்லி வேலையை விட்டவர். ஆனால் கொஞ்ச நாளாக அவருடைய பேச்சு மாறியிருந்தது.

"அந்த மனுஷன்தான்யா ஒழுங்கா வேலை பாக்குறாரு. பந்து எங்க இருக்கோ அதைச் சொல்றாரு," என்றார் ஒரு நாள்.

எலக்ட்ரீஷியன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "பந்து எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாதா மாஸ்டர்? நாம என்ன கண்ணை மூடிக்கிட்டா பாக்குறோம்? அந்தாளு உங்களுக்கு மாமனா, மச்சானா?"

"பொண்ணு எடுத்திருப்பாரு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

கடை சிரித்தது. மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

அவருக்குத் தெரியாததே அந்தப் பந்துதான். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இனி வளராது, ஓரப் பார்வை மட்டும் மிஞ்சும் என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது, சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். தெருவில் நடந்துவிடலாம், தேநீரை ஆற்றிவிடலாம். எதிரே இருப்பவரின் காதும் தோளும் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு சாம்பல். துணியில் போட்ட கோடு தெரியாமல் ஒரு நாள் கத்தி கோணிப் போனது. மறுநாளே வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளுக்குத் தெரிந்தால் கையோடு தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவாள். அங்கே எட்டாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார வேண்டும். சலூனுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். பரிதாபப்பட்டு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், வாயாட மாட்டார்கள். மனைவி போன பிறகு அந்த வாயாட்டம் ஒன்றுதான் அவரை வாரத்துக்கு இரண்டு தடவை சட்டை மாற்ற வைத்துக்கொண்டிருந்தது.

அறிவிப்பு பேசும் வரைக்கும் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அரையிறுதி அன்று எலக்ட்ரீஷியன் ஒரு மைக்கோடு வந்தான், கையடக்க ஸ்பீக்கர் வேறு. "அண்ணே, டி.வி. சத்தத்தை நிறுத்துங்க. இன்னிக்கு அறிவிப்புக்கு லீவு. ஆளுக்குப் பத்து நிமிஷம், நாமளே பேசுவோம்."

சலூன்காரர் ரிமோட்டை எடுத்தார். குரல் அறுந்தது. மாஸ்டருக்குக் கடையே ஒரு நொடி இருட்டிக்கொண்டு வந்தது.

மருந்துக்கடைக்காரர் மைக்கில் இருமியே பாதி நேரத்தை ஓட்டினார். எலக்ட்ரீஷியன் கவிஞரைப் போல நிலவைக் கூப்பிட்டான். பிறகு மைக் மாஸ்டரின் மடிக்கு வந்தது. திரையில் பச்சை மட்டும் தெரிந்தது. ஓரங்களில் என்னவோ அசைந்தது. கைவசம் இருந்தது ஒரே வழி.

"எங்க காலத்துல," என்று ஆரம்பித்தார், பெரியப்பாவின் கம்மிய குரலில், "இப்படியா ஓடுவாங்க? எனக்கு இந்த முழங்கால்ல ஆபரேஷன் பண்ணின அன்னிக்கு டாக்டர் சொன்னாரு..."

கடை அதிர்ந்தது. சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாஸ்டர் விடவில்லை, டாக்டரின் மாமியார் வரைக்கும் போனார். நடுவில் எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். கோல். அவரும் கத்தினார். ஒரு நிமிடம் கழித்துத் திரையோரத்தில் வலை மறுபடி அசைந்தது. உடம்பெல்லாம் தெம்பு ஏறி, "ரெண்டாவது கோல்!" என்று மைக்கில் அலறினார்.

அது மறுகாட்சி.

மாஸ்டர் மைக்கை வாயிலிருந்து இறக்கினார். அதற்குள் எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்தே விட்டான். "பெரியப்பாவே தான்! ரீப்ளேவைக்கூட எண்ணுவாருய்யா அந்த ஆளு! மாஸ்டர், இனிமே ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மைக் உங்களுக்குத்தான். டி.வி. வாயைத் திறக்கவே கூடாது."

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் முதுகில் தட்டிய கைகளின் சூடு இருந்தது. பூட்டைத் தடவித் திறக்கும்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாள் காப்பாற்றிய குரலை அவரே ஊமையாக்கிவிட்டு வந்திருக்கிறார். இனி அங்கே போனால் ஒன்றும் தெரியாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு தடவை அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

இறுதிப் போட்டிக்கு அவர் போகவில்லை. வீட்டில் டி.வி.யைப் போட்டு, கட்டிலோரத்தில் அமர்ந்தார். அறிவிப்பு பேசினார்: நடுவட்டம், எட்டு, வலப்பக்கம் நீளமாக. ஆட்டம் முழுசாக, கண்ணாடி மாதிரி, அவருக்குள் ஓடியது. பக்கத்தில் சொல்லத்தான் ஆள் இல்லை.

இரண்டாம் பாதியில் போன் அடித்தது. எலக்ட்ரீஷியன். பின்னால் கடையின் இரைச்சல்.

"எங்க மாஸ்டர்? மைக் அழுதுட்டு இருக்கு."

"இடுப்பு பிடிச்சிருச்சுப்பா."

"வாய் நல்லாத்தானே இருக்கு? ஸ்பீக்கர்ல போடுறேன், அங்கிருந்தே பேசுங்க."

இந்தத் தடவை மாஸ்டருக்குக் கதை சொல்லத் தோன்றவில்லை. அறிவிப்பு சொல்லச் சொல்ல அப்படியே எடுத்துக் கொடுத்தார். முதல் முறையாக நிஜ ஆட்டத்தை அவர்களோடு பார்க்கிற சந்தோஷம். "இடது ஓரம், ஏழு. உள்ளே வெட்டுறான். கார்னர்!"

"கார்னர் அடிச்சு முடிச்சாச்சு மாஸ்டர்," என்றார் மருந்துக்கடைக்காரர். "உங்க டி.வி. மாட்டுவண்டியில வருதா?"

"நேத்து மேட்ச்சைப் பாக்குறாரு," என்றான் எலக்ட்ரீஷியன். "அட, பெரியப்பாவைப் போடுங்க மாஸ்டர். இது அறிவிப்பு மாதிரியே இருக்கு, தூக்கம் வருது."

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு போனை எங்கேயோ வைத்தார்கள், துண்டிக்க மறந்துவிட்டார்கள். சீப்பும் கிண்ணமும் உரசும் சத்தம் காதுக்கு மிக அருகில் கேட்டது. யாரோ யாரையோ கிண்டலடித்தார்கள். மாஸ்டர் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.

திடீரென்று கடை முழுக்கக் கூச்சல். அவருடைய டி.வி.யில் அறிவிப்பு இன்னும் நடுவட்டத்தில்தான் இருந்தார். அந்தக் கூச்சலுக்குள்ளே, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "எனக்குக் கண்ணு போயிருச்சுப்பா."

"என்ன மாஸ்டர்?" போனைச் சலூன்காரர் எடுத்திருந்தார். "கேக்கலை."

"நல்ல கோல்னு சொன்னேன்."

"கோலா? கம்பத்துல பட்டு வெளிய போச்சே."

மாஸ்டரின் அறையில் அறிவிப்பு அப்போதுதான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்: "ஒன்பது அடிக்கிறார். கம்பம். வெளியே." அது போன் வழியே அந்தப் பக்கமும் போயிருக்க வேண்டும்.

சலூன்காரர் கடைச் சத்தத்திலிருந்து விலகி வாசலுக்கு வந்திருப்பார் போல. தெருவில் ஒரு வண்டி போவது கேட்டது.

"மாஸ்டர், அந்தாளைக் கேட்டுட்டுத்தான் எங்களுக்குச் சொன்னீங்களா?"

"ஆமா."

"இங்க உக்காந்திருந்தப்பவும் அப்படித்தானா?"

"ஆமாய்யா."

வேறு ஏதாவது கேட்பார் என்று மாஸ்டர் பயந்துகொண்டிருந்தார். அவர் கேட்கவில்லை. காலடி கேட்டது, போனை மரப்பலகையின் மேல் வைக்கும் சத்தம். அடுத்து, ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல் கடை டி.வி.யிலிருந்து எழுந்தது: "வலது ஓரம். இரண்டு. எறிகிறார்."

"அண்ணே, எதுக்கு இந்த ரம்பத்தை வச்சீங்க?" என்று எலக்ட்ரீஷியன் கத்தினான்.

"பேசட்டும்டா. என் கடை, என் டி.வி."

"காதுல ரத்தம் வருதுண்ணே!"

"பஞ்சு தர்றேன், வச்சுக்க."

மாஸ்டர் எழுந்து தன்னுடைய டி.வி.யை அணைத்தார். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, போனைத் தலையணைக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டார். "நான்கு, ஆறுக்குத் தருகிறார்." எலக்ட்ரீஷியன் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான்.