ஒரே ஊசி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: கார்த்தி, அவன் அப்பா அர்த்தனாரி, அம்மா பாப்பாயி, பெண் கொடுக்கவிருந்த தாய்மாமன் குழந்தைசாமி, நான்.

தன் அத்தையின் ஆபரேஷனுக்காக நாமக்கல் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்த கார்த்தியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எச்.ஐ.வி. மறுபடி சோதித்து உறுதியும் செய்துவிட்டார்கள். தினமும் மாத்திரை போட்டால் கிழவனாகிற வரை இருக்கலாம் என்றார்களாம். மறுநாள் காலை வந்து தொடங்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவன் பஸ் ஏற வேண்டும். அவன் அப்பா விட வேண்டும்.

“எவகிட்டடா போன?” என்றார் குழந்தைசாமி.

“எவகிட்டயும் போகலீங்க மாமா.”

“அப்ப காத்துல வந்துச்சா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன். போன ஆடித் திருவிழாவில் நான், முருகானந்தம், கார்த்தி மூவரும் கையில் ‘வாழவந்தி’ என்று எங்கள் ஊர்ப் பெயரைப் பச்சை குத்திக்கொண்டோம். குத்துகிறவர் ஆளுக்கொரு புது ஊசி எடுத்துவைத்தார். நான்தான் தடுத்தேன். நாங்கள் பங்காளிகள், ஒரே ரத்தம், ஒரே ஊசியில் குத்துங்கள் என்றேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. முதலில் எனக்கு, அப்புறம் முருகானந்தத்துக்கு, கடைசியில் கார்த்திக்கு.

எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பாயி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுலயும் வருமாம் பெரீப்பா. ஆஸ்பத்திரி மேடமே கேட்டாங்களாம், பச்சை குத்துனியான்னு.”

“உனக்கு இருக்குதா?” என்றார் அர்த்தனாரி.

“டெஸ்ட் எடுத்தேனுங்க. இல்லீங்க.”

குழந்தைசாமி சிரித்தார். “ஒரே ஊசியாம். இவனுக்கு மட்டும் இல்லியாம். நைட் ஷிப்டுல நிக்க முடியாம மில்லை விட்டு ஓடியாந்தவன், டாக்டராட்டம் பேசறான் பாருங்க மச்சான்.”

“எனக்கு மொதல்ல குத்துனதுங்க. முருகானந்தத்துக்கு அப்புறந்தான் இவனுக்கு...”

“அப்ப அவனைக் கூப்புடு. அவன் வாயால சொல்லட்டும்.”

கூப்பிட்டேன். முருகானந்தம் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் எங்கேயோ இருந்தான். போன் அணைந்திருந்தது. தனக்கு இருக்கிறதா என்று அவனுக்கே தெரியுமோ என்னவோ.

குழந்தைசாமி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சொல்லிக்கொள்ளவில்லை.

அர்த்தனாரி எழுந்தார். “நாளைக்கு எங்கியும் போகப்படாது. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நம்மூர்க்காரன் ஒருத்தன் பாத்தாப் போதும்.”

“மாத்திரை வேணுமுங்கப்பா.”

“உள்ள போடா.”

மிளகு மூட்டை அடுக்கும் அறைக்குள் கார்த்தி தானாகவே நடந்து போனான். பாப்பாயி ஒரு தட்டையும் சொம்புத் தண்ணீரையும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

“பெரீப்பா,” என்றேன்.

அர்த்தனாரி கதவைச் சாத்திப் பூட்டினார்.