மூன்று கோப்பையிலும் ஒரே வாசம்

கொழும்பில் எட்டு வருடம் தேயிலை ருசி பார்க்கிற அறையில் இருந்துவிட்டு, ஊருக்கு வந்து வெங்காயம் நட்டவன் நான். என் மூக்கு ஊரில் பிரசித்தம். எந்த வீட்டில் என்ன கறி என்று வேலிப் படலையில் நின்றே சொல்லிவிடுவேன். பாலோ மீனோ முதல்நாள் குழம்போ, கெட்டதா நல்லதா என்று பார்க்க என் மனைவி வித்தியா என் மூக்குக்குத்தான் நீட்டுவாள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது நான் சொல்வது. கட்டினவளைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள்.

காங்கேசன்துறையில் செல்வநாயகம் என்பவர் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று ஒரு தங்குமிடம் கட்டியிருந்தார். வருகிறவர்களுக்கு வெள்ளைத் தேயிலை ஊற்றிக் கொடுக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. மூன்று தோட்டங்களிலிருந்து மாதிரி எடுத்து, எது நல்லதென்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் அனுப்பினார். எட்டு வருடப் படிப்பை மண்வெட்டியோடு மூலையில் சாத்தி வைத்திருந்தவனுக்கு அது போதும். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

வெள்ளைத் தேயிலை என்பது விரியாத மொட்டைக் கிள்ளி, சுருட்டாமல் நசுக்காமல் அப்படியே உலர்த்தி எடுப்பது. மொட்டின் மேல் வெள்ளை மயிர் பூத்திருக்கும். ஊற்றினால் சாயம் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும். பாலும் சீனியும் இஞ்சியும் போட்டுக் குடித்த நாக்குக்கு அது வெறும் சுடுதண்ணீர். ஆனால் அந்த மெல்லிய சாயத்துக்குள் எதுவும் ஒளிந்திருக்க முடியாது. தண்ணீரில் சின்னக் குறை இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

அதோடு, பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். மாதிரிகள் வந்த திங்கட்கிழமையே சாமான் அறையைத் துப்புரவாக்கினேன். வெங்காயம், பசளை உரம், மண்ணெண்ணெய், தோட்டத்துப் பூச்சிமருந்து என்று மணக்கிற எல்லாவற்றையும் வெளியேற்றினேன். வீட்டில் கருவாடு பொரிக்கக்கூடாது, ஊதுபத்தி கொளுத்தக்கூடாது என்று கட்டளை போட்டேன். வித்தியா ஊதுபத்தியை வெளியே மாமரத்தடியில் கொளுத்தினாள்.

வியாழக்கிழமை முதல் தடவை பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் ஊற்றினேன். காங்கேசன்துறையிலும் இதே சுண்ணாம்புத் தண்ணீர்தானே. நுவரெலியாப் பக்கத்து மொட்டில் புது வைக்கோல் வாசம் இருந்தது. கண்டிப் பக்கத்துச் சாமான் நாக்கில் நிற்கவில்லை, வந்ததும் போய்விட்டது. காலிப் பக்கத்து மொட்டு பழுத்த வெள்ளரிப்பழம்போல இனித்து, விழுங்கிய பிறகும் தொண்டையில் தேனாகக் கிடந்தது. காலிதான் என்று மனம் சொன்னது. இருந்தாலும் ஒருநாள் நாக்கை நம்பி முடிவு சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பார்ப்பதென்று வைத்தேன்.

அந்தச் செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றினேன். காலிக் கோப்பையில் கரண்டியை விட்டுச் சத்தமாக உறிஞ்சினேன். வெள்ளரிப்பழம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. எண்ணெய்போல, பூண்டு அழுகியதுபோல ஒரு வாசம், நாக்கின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது. துப்பினேன். பொதி கெட்டுவிட்டது, செல்வநாயகத்துக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நுவரெலியாவை எடுத்தேன். அதிலும் அதே வாசம். கண்டியிலும் அதே வாசம்.

மூன்று தோட்டத்துத் தேயிலைக்கும் ஒரே குறை வராது. நாக்குக் கெடாமல் இருக்க வியாழனிலிருந்து நான் குடித்துவந்த கடைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. அதைச் சுடவைத்துக் காலி மொட்டை மறுபடி ஊற்றினேன். வெள்ளரிப்பழமும் தேனும் மட்டும் வந்தன. ஒரு குறையும் இல்லை. அந்த வாசம் எனக்குப் புதிதில்லை. வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே, மருந்து அடிக்கும் தாங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எத்தனையோ காலைகள் அதற்குள் நடந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண்பிள்ளை. தாய்ப்பால் போதாதென்று புட்டிப்பால் கொடுக்கிறோம். பால்மா கரைப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்.

"வித்தியா, இஞ்சை ஒருக்கா வாரும்."

அவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தாள்.

"தண்ணி மணக்கேல்லையோ உமக்கு?"

"ரெண்டு மூண்டு நாளா மணக்குதுதான். கிணத்துக்குக் குளோரின் போட்டிருப்பினம் எண்டு நினைச்சன். கொதிக்க வைச்சுத்தானே மா கரைக்கிறனான்."

"பிள்ளை எப்பிடி?"

"நேற்று முழுக்க நித்திரையப்பா. குடிச்சதையெல்லாம் சத்தி எடுக்கிறாள். வீணி வடியுது எண்டதுக்கு, பல்லு முளைக்கப்போகுது எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

நான்தான் சொன்னேன். புத்தகத்தில் பார்த்தவன்போலச் சொன்னேன். பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாயோரம் நுரை. கண்ணைத் திறந்து பார்த்தால் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. கையைத் தூக்கி விட்டேன், அது துணிபோல விழுந்தது. தோட்டத்து மருந்துக்கு ஆட்பட்ட ஒருவரை முன்பு பார்த்திருக்கிறேன். அவருக்கும் கண் அப்படித்தான் இருந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வாயைத் திறக்கும். எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி எனக்கு, பாதி பெரியப்பாவின் மகன் நமசிவாயம் அண்ணைக்கு. யார் எந்த நேரம் இறைப்பது என்று எங்களுக்குள் வருடக் கணக்காக இழுபறி. அவருடைய பாத்திகள் கிணற்றோடு ஒட்டித்தான் இருக்கின்றன. வேறு யாராக இருக்கும்? வேலிக்கு மேலால் கத்தினேன்.

"அண்ணை, கிணத்தடியிலை மருந்துத் தாங்கி கழுவினனீங்களோ? என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியளோ?"

அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு வேலியருகே வந்தார். வித்தியாவின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"பதினைஞ்சு நாளா நான் மருந்து அடிக்கேல்லை, கீர்த்தி. ஞாயிற்றுக்கிழமை தண்ணி ஒரு மாதிரிக் கிடக்குது எண்டு உன்னட்டைச் சொல்லத்தான் வந்தனான். தேயிலை கிடக்குது, சுருட்டோடை வரவேண்டாம் எண்டு நீ படலையைச் சாத்திப்போட்டாய். நாங்கள் ஞாயிறிலையிருந்து கோயில் கிணத்திலைதான் அள்ளுறம்."

நான் படலையைச் சாத்தியது உண்மை. சுருட்டு வாசம் போகட்டுமென்று அவருக்குப் பின்னால் தோளில் கிடந்த துவாயை வீசியதும் உண்மை.

"நிண்டு கதைக்க நேரமில்லை," என்றார். "நான் ஓட்டோவை எடுக்கிறன். என்ன மருந்தெண்டு டொக்டர் கேப்பார். நீ கிணத்துக்கை ஒருக்கா எட்டிப் பார்."

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் இறைக்கிற மோட்டரைக் கிணற்றுக்குள்தான் வைப்போம். உட்சுவரில் ஒரு சின்ன மேடை கட்டி, அதில் பூட்டியிருக்கும். மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு பை சரிந்து கிடந்தது. பையைக் கிழித்துக்கொண்டு போத்தலின் கழுத்து தண்ணீர்ப் பக்கம் நீட்டியிருந்தது.

பையின் முடிச்சு என்னுடையது.

திங்கட்கிழமை மணக்கிற சாமான்களை ஒவ்வொன்றாக வெளியேற்றியபோது, மருந்துப் போத்தலை எங்கே வைப்பதென்று நெடுநேரம் யோசித்தேன். சமைக்கிற குசினியில் வைக்க முடியாது. வெயிலிலும் வைக்கக்கூடாது. மோட்டர் மேடை குளிர்ச்சியான இடம், யாருடைய கைக்கும் எட்டாது, முக்கியமாகத் தேயிலைக்குத் தூரம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு இறங்கி வைத்துவிட்டு வந்தேன். மோட்டர் நாளுக்கு இரண்டு தடவை ஓடும், ஓடினால் மேடை அதிரும் என்பது இறைக்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கம்பிப் படியில் இறங்கி எடுத்தேன். மூடி வெடித்திருந்தது. அடியில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். அதை வேறொரு பையில் சுற்றி, போட்டிருந்த சேட்டுக்குள் செருகிக்கொண்டு மேலே வந்தேன். கை தானாக ஒளித்தது.

ஓட்டோவை நமசிவாயம் அண்ணை ஓட்டினார். பின்னால் நாங்கள். வித்தியா பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே அவருடைய முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"உங்களுக்கு எங்களோடை கோபமெண்டால் எங்களை ஏசியிருக்கலாம். பச்சை மண் உங்களுக்கு என்ன செய்தது?"

அவர் திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டினார். என் சேட்டுக்குள்ளிருந்து அந்த வாசம் எழுந்து வந்தது. பிள்ளை மூச்சுவிடுகிறாளா என்று அவளுடைய நெஞ்சைப் பார்ப்பேன், பிறகு வித்தியா என்னைப் பார்க்கிறாளா என்று பார்ப்பேன். பிள்ளை சாகக்கிடக்கும்போதுகூட எனக்கு இரண்டாவதாக ஒரு பயம் இருந்தது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆசுப்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் பிள்ளையை வாங்கிக் கட்டிலில் கிடத்தி, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"என்ன மருந்து எண்டு தெரியுமோ?"

சேட்டுக்குள்ளிருந்து போத்தலை எடுத்து நீட்டினேன். அவர் லேபிளைப் படித்துவிட்டுத் தாதியிடம் ஏதோ சொன்னார், அவள் ஓடினாள்.

"எத்தினை நாளா உந்தத் தண்ணியைக் குடுத்தனீங்கள்?"

"இவரைக் கேளுங்கோ," என்று வித்தியா நமசிவாயம் அண்ணையைக் காட்டினாள். "இவற்றை மருந்துதான்."

அண்ணை போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்காமல் விட்டிருந்தால் அந்தப் பழி அப்படியே அவரோடு போயிருக்கும். ஆனால் நாள் தெரியவேண்டும், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வியாழக்கிழமை காலமை தண்ணி சுத்தம்," என்றேன். "நான் தேயிலை ஊத்திப் பார்த்தனான். அதுக்குப் பிறகுதான் ஊத்துப்பட்டிருக்கு. வெள்ளி சனியிலையிருந்து குடுத்திருப்பம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் கிணத்துக்கை வைச்சனான். தேயிலையிலை மணம் பிடிக்கும் எண்டு."

என் தோளில் முட்டிக்கொண்டு நின்ற வித்தியா ஓரடி தள்ளி நின்றாள். எங்களை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்தார்கள்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கருவிகளின் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும் கேட்டன. என் பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். என் மூக்கை எடுத்துக்கொள், நாக்கை எடுத்துக்கொள் என்று பேரம் பேசினேன். வெகுநேரத்துக்குப் பிறகு திரைக்குப் பின்னால் பிள்ளை வீரிட்டு அழுதாள். டொக்டர் வெளியே வந்தார்.

"மருந்தின்ரை பேர் உடனை தெரிஞ்சது நல்லதாப்போச்சு. ரெண்டு நாள் வைச்சுப் பாக்கவேணும். இப்ப தப்பியிட்டாள்."

பின்னேரம் பால் கொடுக்கலாம் என்றார்கள். நமசிவாயம் அண்ணை வெளியே போய், தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் வாங்கி வந்தார். வித்தியா மூடியில் கொஞ்சம் ஊற்றினாள். பழக்கத்தில் நான் குனிந்து முகத்தை நீட்டினேன்.

அவள் மூடியை என்னைத் தாண்டி அண்ணையிடம் நீட்டினாள்.

"மணந்து பாருங்கோ, அண்ணை."

நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்த மூக்கு அது. அவர் கூச்சத்தோடு மூடியை வாங்கி முகர்ந்தார், ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

"நல்ல தண்ணி, பிள்ளை. கரையுங்கோ."

வித்தியா மாவைக் கரைத்தாள்.