பங்காளிகள் மாலை மாற்றிக்கொண்ட நாள்

மழை பஸ் ஏறும்போதே பெய்ததா, ருவான்வெல்லையில் இறங்கிய பிறகுதான் பிடித்ததா என்பது இப்போது சரியாக நினைவில்லை. பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஜஸீலின் அறைக்குள் ஷாமிளாவும் மருதாயியும் நனைந்துபோய் நுழைந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

ஷாமிளா தையல்காரி. மருதாயி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இருவரும் பல வருடமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். காணி மருதாயியின் பெயரில் இருந்தது. சுவர்களை எழுப்பியது ஷாமிளாவின் தையல் மெஷின். போன மாதம் மருதாயி காய்ச்சலில் கிடந்தபோது அவளுடைய அண்ணன் ஏழுமலை பார்க்க வந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவர். தங்கச்சியின் நெற்றியைத் தொடுவதற்கு முன் கூரையை அண்ணாந்து பார்த்தார். அதைப் பார்த்த ஷாமிளாவுக்கு விளங்கிவிட்டது: மருதாயிக்கு ஒன்று ஆகிவிட்டால் தனக்குத் தெருதான்.

“நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்டார் ஜஸீல்.

“இல்லீங்க சேர்” என்றாள் ஷாமிளா.

“பின்ன?”

ஷாமிளா நனைந்த தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

“ஒண்ணா இருக்கோம்” என்றாள் மருதாயி.

ஜஸீல் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “ஒண்ணா இருக்கிறதுக்கு நம்ம நாட்டுச் சட்டத்துல பேப்பர் இல்ல தங்கச்சி. ஒண்ணா வியாபாரம் செய்றதுக்கு இருக்கு. என்ன வியாபாரம் செய்றீங்க?”

“சமைக்கிறோம், சண்ட புடிக்கிறோம்” என்றாள் மருதாயி.

“தையல் கடைன்னு போடுவோம்.”

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். இலாபத்திலும் நட்டத்திலும் இருவரும் சமம். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வேறு பங்காளி சேர்த்துக்கொள்ளக் கூடாது. காணியும் வீடும் தொழிலுக்குச் சொந்தம். ஒருவர் இறந்தால் எல்லாம் மற்றவருக்கு.

“கலியாணத்துல ஐயர்கூட இவ்வளவு கேக்கமாட்டாருங்களே” என்றாள் மருதாயி.

ஜஸீல் அதைக் கேட்காதவர்போல் தேத்தண்ணீரைக் குடித்தார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தன் கிளார்க் என்றார். மற்றவரைத் தேடுமுன் செய்தி தோட்டத்துக்குப் போய்விட்டது. ஏழுமலை கொதித்துக்கொண்டு வந்து நின்றார்.

“தலைவர் நான் இருக்கேன். என்னைய விட்டுட்டுக் கம்பெனி தொடங்குறீங்களா?”

அவருடைய கோபம் அவ்வளவுதான். ஜஸீல் வாசிக்கத் தொடங்கியபோது, “எத்தனையோ ஒப்பந்தம் பாத்தவன் நான், பேனாவக் குடுங்க” என்று இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். திறப்பு விழாவையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

விழாவன்று வாசலில் பால் பொங்கியது. வாடகை ஒலிபெருக்கி அலறியது. ஏழுமலை இரண்டு மாலைகளோடு வந்தார். தேர்தலில் இரண்டு சங்கங்கள் கூட்டுச் சேரும்போது தலைவர்கள் மாலை மாற்றிக்கொள்வதுதான் தோட்டத்து வழக்கம்.

“பங்காளிங்க ரெண்டு பேரும் மாத்திப் போடுங்க. அப்பதான் கூட்டு நிலைக்கும்!”

ஷாமிளா மாலையைத் தூக்கினாள். மருதாயி தலையைக் குனிந்து கொடுத்தாள். ஒலிபெருக்கிக்காரன் என்ன நினைத்தானோ, நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டான். நெருங்கி நின்ற பெண்களில் ஒருத்தி, “சோடி நல்லாத்தான் இருக்கு” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தங்களுக்குத் தெரியாமல் இத்தனை பேருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது ஷாமிளாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஏழுமலை மட்டும் அட்சதை தூவிக்கொண்டிருந்தார்.

தாம் நடத்தி வைத்தது என்ன என்று அவருக்கு விளங்க மூன்று மாதமானது. ஜஸீலின் மேசையில் ஓங்கி அடித்தார். “இத உடனே கேன்சல் பண்ணுங்க!”

“செய்யலாம் தலைவர். வாசிக்காம, வெளங்காமக் கையெழுத்து வெச்சேன்னு நீங்க கோட்டுல சொல்லணும்.”

சங்கத் தேர்தல் அடுத்த மாதம். ஏழுமலை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு தேத்தண்ணீர் கேட்டார்.

ஏழுமலை மறுபடியும் தலைவரானார். ஜஸீலிடம் இப்படிப்பட்ட கடை தொடங்க இன்னும் இரண்டு சோடிகள் வந்து போனார்கள். மருதாயி பால் வெட்டப் போகிறாள். பெயருக்குத் தொடங்கிய கடையில் ஷாமிளாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஏழுமலையின் சட்டையும் அங்கேதான் தைக்கிறார்கள். வீடு இருவருக்கும் சொந்தமாக இருக்கிறது.