அபராதம் யார் பங்கில்

அன்று பகல் பதினொரு மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள்: சோபாவின் முழு நீளத்துக்கும் கையைப் பரப்பிக்கொண்டு அண்ணன். சமையலறை வாசலில், உள்ளே போவதா வருவதா என்று தெரியாமல் அண்ணி. மடியில் கோப்போடு வீட்டுத் தரகர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கை. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூவரும் குடியிருந்த அந்த வீடு அண்ணன், தங்கை இருவர் பெயரிலும் இருந்தது. அதன் மேல் வாங்கிய வங்கிக் கடனும் அப்படியே.

தரகர் கணக்குத் தாளை நீட்டினார். விற்கும் விலை, அதில் கடன் பாக்கி கழிவு, தரகு கழிவு. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. கெடுவுக்கு முன்பே கடனை அடைப்பதற்கு அபராதம், ஒன்பதாயிரம். மிச்சத்தில் ஆளுக்குப் பாதி.

தங்கை அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு அவள் முன்பணம் கட்டியிருந்தாள். மீதியைச் சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். தன் பங்கு அதற்குச் சரியாகப் போதும் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தாள். இந்த ஒன்பதாயிரத்தில் பாதி போனால் வீடும் இல்லை, முன்பணமும் இல்லை.

"இது எங்கேர்ந்து முளைச்சுது?"

"பேங்க் விதி மேடம். மாறாத வட்டின்னு எடுத்த கடன், முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. நடுவுல அடைச்சா அவங்களுக்கு வட்டி போச்சுல்ல? அதுக்குத்தான் இந்த வசூல்."

"அஞ்சு மாசம் கழிச்சு வித்தா?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்புறம் என்ன அவசரம்?"

தரகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.

அவளுக்குத் தரகர் மேல்தான் சந்தேகம். ஒரு மாதமாகக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல் பறக்கிறார். குளியலறைச் சுவர் விரிசலை அவரே ஆள் வைத்துப் பூசினார், கூலி கேட்கவில்லை. கூலி கேட்காத தரகரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"அபராதம்னு எழுதி உங்க பையில எவ்வளவு போகுது சார்?"

"ஐயோ மேடம்! நான் தரகுலயே பாதியக் குறைச்சுட்டு உக்காந்திருக்கேன். உங்க அண்ணன் அந்த அழுகை அழுதாரு."

"நான் எங்கய்யா அழுதேன்?"

"அழுதீங்க சார். கண்ணுல தண்ணி மட்டும்தான் வரலை."

அவள் கைபேசியை எடுத்தாள். அண்ணன் சட்டென்று நிமிர்ந்தான்.

"இப்பப் போட்டா ஒரு மணி நேரம் பாட்டுதான் கேக்கணும். விடு, சாயங்காலம் நான் பேசிக்கறேன்."

ஏழு வருடமாக அவன்தான் பேசினான். அவன் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். முதல் பேர் என்னோடது, உன்கிட்ட பேசமாட்டாங்க என்பான். அவளும் நம்பினாள், ஒருமுறைகூட வங்கியைக் கூப்பிட்டதில்லை. இன்று தரகரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வேகத்தில் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

பாட்டு இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. வங்கிப் பெண் பிறந்த தேதி கேட்டாள், முகவரி கேட்டாள், அதோடு பேசத் தொடங்கிவிட்டாள்.

"ஆமா மேடம், ஒன்பதாயிரம் சரிதான். திரும்ப வாங்கிக்கறதுக்கும் எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"என்னத்தை?"

"தொண்ணூறு நாளுக்குள்ள எங்ககிட்டயே வேற வீட்டுக்குக் கடன் எடுத்தா அபராதம் திரும்பிடும். போன செவ்வாய்க்கிழமை முதல் விண்ணப்பதாரர் கேட்டிருக்காரு. அவரோட தனிக் கணக்குல போடச் சொல்லி."

"அந்தப் பால்கனி வீட்டுக்கா?" என்று அண்ணி கேட்டேவிட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தங்கை இணைப்பைத் துண்டித்தாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"வந்ததும் உன் பாதியக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்."

"சனிக்கிழமைக்கு முன்னாடியா, அண்ணா?"

அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"கூடப் பொறந்தவங்ககிட்ட போய் இப்படிக் கணக்குப் பாக்குறியே," என்றாள் அண்ணி.

"நீங்க பால்கனி பாத்தீங்க அண்ணி. நான் கணக்காவது பாக்கறேன்." தங்கை தரகர் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க சார். அபராதம் முழுசும் அண்ணன் பங்குல. திரும்பி வந்தா முழுசா அவரே வெச்சுக்கட்டும். இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது. அஞ்சு மாசமும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இங்கயே கிடப்போம்."

பால்கனி வீடு ஐந்து மாதம் காத்திராது. அதை அண்ணன் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது நெற்றியில் தெரிந்தது. தரகர் எழுதிய மூன்று பிரதியிலும் தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டான். "நல்லா இரு" என்றான். வாழ்த்தாக அது ஒலிக்கவில்லை.

அவள் மூன்றையும் வரி வரியாகப் படித்தாள். ஒன்பதாயிரம் எங்கே கழிகிறது என்று இரண்டு முறை பார்த்தாள். பிறகுதான் கையெழுத்து. தரகரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"அந்தச் சுவர்ப் பூச்சுக் கூலி?"

"உங்க அண்ணன் குடுத்தாரு மேடம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

தன் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தாள். வங்கியில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கும்வரை யாரையும் நம்புவதாக இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றாள். அண்ணி வாசல்வரை வந்தாள்.

அவள் இரண்டாவது படியில் இறங்கும்போது கதவு சாத்திக்கொண்டது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு இன்னொரு சுற்று.