சனி முழுக்கு

தன் பெயரைச் சொல்லி அழைத்த மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண் என்பதைக் கண்டதும் தாரிணிக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. லண்டனில் ஒரு தமிழ் மருத்துவரிடம் வாய் திறப்பதும் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் ஒன்றுதான் என்று இத்தனை ஆண்டுகளும் நம்பி வந்தவள் அவள்.

"உக்காருங்க தாரிணி. நான் கல்யாணி. தமிழ்லயே பேசலாமா, இங்கிலீஷா?"

"எதெண்டாலும் பரவாயில்லை," என்றவள், அதையாவது ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாமே என்று தன்னைத் தானே கடிந்துகொண்டாள்.

கோட்டைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டையையும் கழற்றினாள். சன்னலுக்கு வெளியே ஜனவரி மழை தூறிக்கொண்டிருக்க, அவள் கழுத்தடியிலிருந்து அனல் கிளம்பி முகமெங்கும் பரவியது. சில நிமிடங்களில் அது அடங்கும், அடங்கியதும் குளிரும், மறுபடி கம்பளியைத் தேடுவாள். இரவுகளும் அப்படித்தான் கழிந்தன.

நீண்ட காலம் அவள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மாத்திரையாகவே விழுங்கி வந்திருந்தாள். முந்தைய ஆண்டு காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி நின்ற பிறகு, மாத்திரையை நிறுத்திவிட்டு, தோல் வழியாக மருந்து இறங்கும் பேட்சுக்கு மாற்றினார்கள். வாரத்தில் இருமுறை இடுப்பில் புதிது ஒட்ட வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்த அவளுடைய உடல் தானாகப் போதிய அளவு எதையும் சுரப்பதில்லை; அந்த மெல்லிய பேட்ச் கொடுப்பதைக் கொண்டுதான் எலும்பும் உறக்கமும் நிலைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் அளவு கீழேயே கிடந்தது. இரண்டு தடவை மருந்தைக் கூட்டிப் பார்த்தார்கள். கூடியதெல்லாம் அனல்தான்.

"இந்தத் தடவையும் கீழதான் இருக்கு," என்றார் கல்யாணி, திரையிலிருந்து கண்ணை எடுத்து. "இதுக்கு மேல கூட்ட எனக்குப் பயமா இருக்கு. கால்ல கட்டி வந்த உடம்பு. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேட்ச் ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாள் பிந்தினதில்லை, டொக்டர்." தாரிணியின் குரல் அவளை மீறி உயர்ந்தது. "இதை விட்டால் எனக்கு வேறை என்ன இருக்கு? விளையாட்டுக்கோ ஒட்டிக்கொண்டு திரியிறன்?"

"கோபப்படாதீங்க. கொஞ்சம் காட்டறீங்களா?"

பேட்சின் நான்கு ஓரங்களிலும் அவள் டேப் போட்டு இறுக்கியிருந்தாள். கல்யாணி கையுறையோடு டேப்பின் ஒரு முனையைத் தூக்க, பேட்ச் எந்த எதிர்ப்பும் இன்றி ஈர இலைபோல் அதோடு கழன்று வந்தது. மருத்துவர் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், பிறகு சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லெண்ணெய்! எண்ணெய் தேச்சுக் குளிக்கிறீங்களா?"

"ஓம். சனிக்கிழமையில முழுகிறனான். இப்ப புதன்கிழமையிலயும்."

"தோல்ல ஏதாவது பூசறீங்களான்னு முன்னாடி பாத்த டாக்டருங்க கேட்டப்ப, ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

அது உண்மை. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொன்ன பதில். பூசுவது என்றால் கடையில் வாங்கும் கிரீம். முழுக்கைப் போய் அந்தக் கணக்கில் யாராவது சேர்ப்பார்களா?

"எங்க வீட்டுக்காரருக்கும் சனிக்கிழமை வந்தா இந்தப் பைத்தியம் பிடிச்சுக்கும்," என்றார் கல்யாணி. "ஆனா எண்ணெய்ப் பசை மேல ஒட்டினா மருந்து உள்ள இறங்காது. கொஞ்ச வாரம் எண்ணெயே வேண்டாம். பேட்சையும் பழைய சின்ன அளவுக்கு இறக்கிடறேன்."

"இறக்கிறியளோ? நான் வெந்துகொண்டிருக்கிறன், நீங்கள் இறக்கிறன் எண்டுறியள்!"

"இப்ப இருக்கற அளவு நிஜமாவே ஒட்டிச்சுன்னா எகிறிடும்மா. மறுபடி கட்டி வந்தா யார் பதில் சொல்றது? சின்னதுல ஆரம்பிப்போம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஏத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்."

மறுநாள் சனிக்கிழமை. லூயிஷாமில் ரயில் ஏறி, லண்டன் பிரிட்ஜில் இறங்கி, மோர்டன் போகும் பாதாள ரயிலுக்கு மாறுவதற்குள் அவள் எத்தனையோ தடவை திரும்பிவிட நினைத்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து கதவோரம் நின்றாள். நிற்கவும் முடியாமல் வேறு பெட்டிக்கு நடந்தாள். சின்ன அளவுப் பேட்ச் கைப்பைக்குள் உறை பிரியாமல் கிடந்தது. முழுக்கின் பாடு ஒரு முடிவுக்கு வராமல் அதை ஒட்டிப் பயனில்லை.

மோர்டனில் இருப்பவள் அக்கா சிவகௌரி. தம்பி என்று வளர்த்த பிள்ளை தங்கையாகி நின்றதை ஏற்காமல் பல ஆண்டுகள் முகம் பாராமல் இருந்தவள். காலில் கட்டி வந்தபோது மருத்துவமனை அழைக்க, ஓடிவந்து, ஒரு சொல்லும் கேட்காமல் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உச்சியில் எண்ணெய் வைத்தாள். அன்று தொடங்கியதுதான் சனி முழுக்கு. மருந்தைப் பற்றி அவள் கேட்பதில்லை, இவளும் சொல்வதில்லை. பேட்சை வீட்டிலேயே உரித்துவிட்டு வருவாள், முழுகியபின் கதவைப் பூட்டிக்கொண்டு புதிதை ஒட்டுவாள். அனல் எழத் தொடங்கியதும், உடம்புச் சூடு என்று சிவகௌரி எண்ணெயைக் கூட்டினாள். பிறகு புதன்கிழமையையும் சேர்த்தாள். எண்ணெய் கூடியதால் மருந்து இறங்கவில்லை; மருந்து இறங்காததால் சூடு கூடியது; சூடு கூடியதால் எண்ணெய் இன்னும் கூடியது.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதைச் சொல்லிவிட்டால், பேசாமல் காத்துவந்த உறவு என்னவாகும்? அந்தக் கை தன்மேல் படுவதற்கு இருந்த ஒரே சாக்கு எண்ணெய்தான்.

சிவகௌரி அடுப்பில் மிளகு போட்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "வந்திட்டியே? என்னடி முகம் இப்பிடிச் சிவந்துபோய்க் கிடக்கு? இண்டைக்கு ரெண்டு கை கூட வைக்கிறன், இரு."

"அக்கா, இண்டைக்கு வேண்டாம்."

"ஏன், தடிமனே? மூக்கு அடைச்சிருக்கோ?"

"இல்லை. இனிக் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

கரண்டி நின்றது. "என்ர கை பிடிக்கேல்லையெண்டால் நேரச் சொல்லு. வெள்ளைக்காரியிட்ட மசாஜுக்குப் போகப்போறியோ?"

தாரிணி உறையைப் பிரித்துப் பேட்சை நீட்டினாள்.

"பிளாஸ்ரரே? எங்கை வெட்டிப்போட்டாய்?"

"வெட்டேல்லை. இதுதான் என்ர மருந்து. இடுப்பில ஒட்டிறது. இது இல்லாட்டில் என்ர உடம்பு ஓடாது அக்கா. எண்ணெய் பட்டால் ஒட்டாது. அதாலதான் இந்தச் சூடு."

சிவகௌரி அடுப்பை அணைத்தாள்.

"அப்ப நான்தான் உன்னை இவ்வளவு நாளும் வேக வைச்சிருக்கிறன்."

"உங்களுக்குத் தெரியாதுதானே."

"நீ சொன்னால்தானே தெரியும்! வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையே வைச்சிருந்தனி?"

"சொன்னால் பிறகு தொடமாட்டியள் எண்டு பயம்."

சிவகௌரி கடலைமா டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். "நிண்டுகொண்டு என்ன பார்க்கிறாய்? வா இஞ்ச. புதன்கிழமை வைச்சது இன்னும் கிடக்கும்."

இடுப்புத் தோல் கன்றும்வரை தேய்த்துக் கழுவினாள், துவாயால் ஒற்றினாள். "கொண்டா அதை."

"முதல்ல கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ."

"எனக்கே படிப்பிக்கிறா!" என்று புறுபுறுத்தபடி கழுவினாள். இவள் பார்க்கிறாளென்று இன்னொரு தரமும் கழுவினாள். "இது சின்னனாக் கிடக்கு. இவ்வளவு சூட்டுக்கு இது காணுமே?"

"தெரியாது. ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவினம்."

"காணாட்டில்?"

"கூட்டுவினம். இல்லாட்டில் வேறை ஏதும் மாத்துவினம். எனக்கும் தெரியாது அக்கா."

சிவகௌரி பேட்சை வைத்து உள்ளங்கையால் அமர்த்தினாள். அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? தாரிணியின் கழுத்தடியில் அனல் கிளம்பியது, முகத்துக்கு ஏறியது, முதுகில் வேர்வை கோத்தது. அசையாமல் நிற்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வேர்க்குது உனக்கு. கழண்டுபோகுமோ?"

"கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ."

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன். நீ ஆடாதை."